தேயிலையைப் பிடுங்கிய கொம்பன்

யானை தேயிலை தின்னாது. வால்பாறை எஸ்டேட்டில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். தின்பதாக இருந்தால் அந்த மேட்டுநிலத்தில் இத்தனை வருஷம் தேயிலை நின்றிருக்காது, எங்கள் அப்பா அம்மாவுக்குப் பிழைப்பும் இருந்திருக்காது. ஆனால் 1998 மார்கழியில் ஒரு சாயங்காலம், என் கண்ணெதிரே ஒரு ஒற்றைக் கொம்பன் தேயிலைச் செடியைக் கொத்தாகப் பிடுங்கி, வாய்க்குக் கொண்டுபோய், தின்னாமல் கீழே போட்டது. ஏன் அப்படிச் செய்தது என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று. சித்தப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. டவுனில் டியூஷன் முடித்துக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்துக்குப் போக ரோட்டைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். காட்டுக்குள்ளே போகும் ஒத்தையடிப் பாதையில் இருபது நிமிஷம். பத்தாம் வகுப்புப் பெண்ணும், வேலை முடித்துக் களைத்துப்போன ஃபேக்டரி ஆளும் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் முன்னால், டார்ச்சோடு சித்தப்பா பின்னால். பாதை ஓர் ஓடையைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் தண்ணீர்ச் சத்தம் காதை அடைக்கும். நாங்கள் பேசியது அதற்குக் கேட்டிருக்காது. காற்றும் எதிரிலிருந்து வந்தது. முதலில் எனக்கு வந்தது வாடைதான்: ஈரச் சாணமும் நசுக்கிய பச்சிலையும் கலந்த வாடை. அதை மூளை யானை என்று மொழிபெயர்ப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டோம்.

ஒரு பஸ் நீளத்துக்குச் சற்று அதிகம் இருக்கும். அவ்வளவுதான் இடைவெளி.

சித்தப்பா என் தாவணியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "ஓடாத பாப்பா. முதுகக் காட்டாத." டார்ச்சை அணைக்கவில்லை, அதன் முகத்திலும் அடிக்கவில்லை, தரையைப் பார்த்துத் திருப்பினார். அதன் வாயில் பாதி மென்ற புல் அப்படியே நின்றது. ஆடிக்கொண்டிருந்த காதும் நின்றது. அந்த நிசப்தம்தான் இன்றைக்கும் எனக்கு மிகப் பெரிய பயம். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சத்தமும் இல்லாமல் நிற்பது. பிறகு தும்பிக்கை நுனி மட்டும் எழுந்து, படமெடுத்த பாம்பு மாதிரி எங்கள் பக்கம் திரும்பிக் காற்றைத் துழாவியது. காதுகள் விரிந்தன. வலது முன்னங்கால் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடியது, மண் சிதறியது. அப்போதுதான் பக்கத்துச் செடியிலிருந்து அந்தக் கொத்தைப் பிடுங்கியது. வாய் வரை கொண்டுபோனது. போட்டது. மறுபடி ஒரு கொத்து. அதையும் போட்டது. திடீரென்று ஒரு பிளிறல், நாலு எட்டு எங்களை நோக்கி. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அது பக்கவாட்டில் திரும்பி, வாலைத் தூக்கிக்கொண்டு, சரிவில் சோலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அது ஒரு ராத்திரி நீளம். "ஒரு பீடி பத்தவைக்கிற நேரம்கூட ஆகல" என்றார் சித்தப்பா.

லயத்துக்கு வந்து கருப்பட்டிக் காப்பி குடித்த பிறகு கேட்டேன், தேயிலையை ஏன் பிடுங்கியது என்று. "அது திங்கல பாப்பா. என்ன பண்றதுன்னு அதுக்கே தெரியல. உங்க மாமா பொண்ணு பாக்கப் போனப்ப மேசத்துணி நுனியப் பிச்சுக்கிட்டே இருந்தாரே, அந்த மாதிரி."

வீடே சிரித்தது. நானும் அதைச் சித்தப்பாவின் நக்கல் என்றே நினைத்துக்கொண்டேன். பின்னாளில் விலங்கு நடத்தை பற்றி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது அப்பட்டமான அறிவியல் என்று. ஓடு என்று ஒரு உந்துதலும் மோது என்று இன்னொரு உந்துதலும் சம வலுவில் இழுக்கும்போது, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது செயல் ஒன்று வெளியே வந்து விழும். சேவல்கட்டு பார்த்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: மோதலின் உச்சத்தில் இரண்டு சேவலும் சட்டென்று குனிந்து, தரையில் இல்லாத தானியத்தைக் கொத்தும். டச்சு விஞ்ஞானி நிக்கோ டின்பர்கன் இந்த மாதிரிச் செயல்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்; விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டவர். யானை தும்பிக்கையால் தன் முகத்தைத் தானே தொட்டுக்கொள்வது, காலை ஆட்டுவது, தின்ன வேண்டாத செடியைப் பிடுங்குவது எல்லாம் இந்த வகைதான்.

ஆக, அன்றைக்கு அந்தக் கொம்பன் எங்களைக் கொல்ல நின்றுகொண்டிருக்கவில்லை. முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. பெரிய மிருகம் மனிதனைக் கண்டால் பாயும் அல்லது ஓடும் என்று இரண்டே கதை சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே அது பேசுகிற ஒரு நீண்ட பேச்சு இருக்கிறது. பாய்ச்சல் அந்தப் பேச்சின் கடைசி வாக்கியம். முன் வாக்கியங்களை நாம் படிப்பதில்லை. அந்த நேரத்தில் போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தூரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் மிருகக்காட்சி சாலைகளை நடத்திய ஹைனி ஹெடிகர் என்பவர், ஒவ்வொரு மிருகத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வட்டங்கள் உண்டு என்றார். வெளி வட்டத்தைத் தொட்டால் அது விலகிப் போகும். உள் வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், விலக இடமில்லை என்று அதற்குத் தோன்றினால், திருப்பித் தாக்கும். அந்தக் காலத்து சர்க்கஸில் சிங்கத்தை ஸ்டூல் மேல் ஏற்றி இறக்கிய வித்தையே இந்த வட்டத்தின் விளிம்பில் ஓரடி உள்ளே, ஓரடி வெளியே வைத்து விளையாடியதுதான். எங்கள் ஓடை வளைவில் என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வெளி வட்டம் என்ற ஒன்றே இல்லாமல் நேராக உள் வட்டத்தில் போய் முளைத்திருக்கிறோம். வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான்: அது அங்கே நிற்பது தெரியாமல் போய் விழுந்தவர்கள். இருட்டு, வளைவு, மழைச் சத்தம், சில நேரம் போதை.

கல்யாணமாகிக் குன்னூர் வந்த பிறகு என் வாழ்க்கையில் யானை போய்க் காட்டுமாடு வந்தது. பத்திரிகைகள் காட்டெருமை என்று எழுதுகின்றன. எருமைக்கும் இதற்கும் நேர் உறவு கிடையாது. சங்கப் பாட்டில் ஆமா என்று அழகான பெயர் உண்டு. எங்கள் தெருவில் யாரும் எதையும் சொல்வதில்லை, "மாடு நிக்குது, பாத்துப் போ" அவ்வளவுதான். ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடையுள்ள கருத்த காளை, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரிக் காலோடு, ரேஷன் கடை பக்கத்துக் காலி மனையில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டி யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

பழகிவிட்டது என்கிறோம். வட்டம் சுருங்கியிருக்கிறது, அழிந்துவிடவில்லை. எங்கள் வீட்டு முடுக்கில் ஒருநாள் அதைப் பார்த்தேன். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் புதிதாகப் போட்ட கம்பிவேலி, நடுவே ஒரு காளை. பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே பின்னால் வர, முன்னால் பால் பாக்கெட்டோடு ஒரு பெரியவர். காளை முதலில் தன் முழு விலாவையும் அவருக்குக் காட்டி நின்றது. பார், நான் எவ்வளவு பெரியவன் பார் என்று காட்டுவது அது. காளைகள் தங்களுக்குள் அப்படித்தான் அளந்துகொள்ளும். பெரியவர் அதை 'மாடு திரும்பிக்கொண்டது, போகலாம்' என்று படித்தார். நான் மாடியிலிருந்து கத்தினேன், "அய்யா, பின்னாடி வாங்க, கேட்டைத் திறந்து உள்ள போயிருங்க." போனார். மூக்கால் புஸ்ஸென்று ஒரு சீறல், தலை தாழ்ந்தது, முடுக்கு முழுக்க இடித்துக்கொண்டு அது வெளியே பாய்ந்தது. யாரையும் முட்டவில்லை. அது ஓடியது, ஓடும் வழியில் அவர் நின்றிருந்தால் செய்தித்தாள் 'காட்டெருமை தாக்கி' என்றுதான் எழுதியிருக்கும். மலையில் நாம் கட்டும் ஒவ்வொரு சுவரும் ஒரு மிருகத்தின் பின்வாசலை அடைக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. வீட்டுக்காரர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

கரடியைப் பற்றி ஒன்றிரண்டு வரி போதும். கோத்தகிரிப் பக்கம் விளக்கில் ஊற்றும் எண்ணெய் வாசத்துக்குக் கோயில் கதவை உடைக்கும் கரடிச் செய்தியைப் படித்துச் சிரிப்பவர்கள், காலைப் பனியில் தேயிலைக்குள் அதன் மேல் தடுக்கி விழுந்தால் சிரிக்க மாட்டார்கள். புற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதற்குக் காதும் கேட்காது, கண்ணும் போதாது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த பிராணி. ஓடித் தப்பும் உடம்பு இல்லை, எதிர்த்து நின்று கிழிப்பதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. முதுகில் குட்டி இருந்தால் பேச்சே இல்லை. யானை பேசுகிற அளவுக்கு அது பேசாது. எங்கள் ஊரில் எனக்கு உண்மையான பயம் கரடியிடம்தான்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மிருகங்களுக்கு மனிதன் என்பது ஒரே பொருளா?

கென்யாவின் அம்போசெலியில் யானைகளுக்கு ஒலிபெருக்கி வழியாக மனிதக் குரல்களைப் போட்டுக் காட்டினார்கள். 2014இல் வந்த ஆய்வு. 'அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது' என்ற ஒரே பேச்சை மாசாய் இனத்து ஆண்களும், கம்பா இனத்து ஆண்களும், பெண்களும், சிறுவர்களும் தத்தம் குரலில் பேசியிருந்தார்கள். மாசாய்கள் ஈட்டியோடு மாடு மேய்ப்பவர்கள், யானையோடு மோதல் உள்ளவர்கள். கம்பாக்கள் பெரும்பாலும் விவசாயிகள். மாசாய் ஆணின் குரல் கேட்டபோது யானைகள் நெருங்கிக் கூடி, காற்றை மோந்து, விலகின. கம்பா ஆண் குரலுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. மாசாய்ப் பெண்களின் குரலுக்கும் சிறுவர் குரலுக்கும் அதேபோலக் குறைவுதான். மொழியை, பாலினத்தை, வயதைப் பிரித்துக் கேட்கின்றன. அதற்கு முன்பே 2007இல், மாசாய் ஆண்கள் உடுத்திய துணியின் வாசத்தை மட்டும் வைத்தே அவை ஒதுங்குவதைக் கண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது அம்மா ஞாபகம் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் புதுக் காட்டுக்குள் இறங்கும்போது வேண்டுமென்றே உரக்கப் பேசிக்கொண்டு போவார்கள். "நம்ம சத்தம் அதுக்குத் தெரியும்டி, வழி விட்டுரும். ராத்திரி சாராயக் கடையிலருந்து பாட்டுப் பாடிக்கிட்டு வர்ற ஆம்பள சத்தமும் தெரியும்" என்பார் அம்மா. பட்டாசு கொளுத்திப் போடுகிறவன் குரலும், தீப்பந்தம் எறிகிறவன் குரலும், கூடை சுமக்கிறவள் குரலும் ஒன்றல்ல என்பதை யானை கணக்கு வைத்திருக்கிறது என்று அம்மா நம்பினார். அம்போசெலி என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டுப் பகுதியில், தண்ணீர்க் குட்டைகளின் ஓரம் கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்தார்கள். சிங்க உறுமல், துப்பாக்கிச் சத்தம், நாய்க் குரைப்பு, சாதாரணமாக மனிதர்கள் பேசும் பேச்சு. 2023இல் முடிவு வெளியானது: சிங்கத்துக்கு ஓடியதைவிட மனிதப் பேச்சுக்கு ஓடியது ஏறக்குறைய இரண்டு மடங்கு, தண்ணீரை விட்டுப் போன வேகமும் 40 சதவீதம் அதிகம். யானை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாமே. கத்தல்கூட இல்லை, டீக்கடையில் பேசுகிற மாதிரியான பேச்சு. காட்டுராஜா யார் என்பதில் காட்டுக்குக் குழப்பம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

அப்படிப் பயப்படுகிறவை எங்கே போகும்? போக இடம் இருந்தால் இடத்தை மாற்றும். இல்லையென்றால் நேரத்தை மாற்றும். ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகள் மேல் நடந்த 76 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்த கட்டுரை ஒன்று 2018இல் வந்தது. பகலும் இரவும் பாதிப்பாதியாக நடமாடிய மிருகம், மனிதர்கள் உள்ள இடத்தில் தன் நடமாட்டத்தில் 68 சதவீதத்தை இரவுக்குத் தள்ளிவிடுகிறது. வால்பாறை யானைகள் பகலில் ஆற்றோரச் சோலைத் துண்டுகளில் ஒடுங்கி நின்று, இருட்டிய பிறகு தேயிலை வழியாக நடப்பது இந்தக் கணக்கில்தான். நாம் கண்ணில்லாமல் நடக்கும் நேரத்தை நமக்காக அவை தேர்ந்தெடுத்தன என்பது ஒரு கசப்பான வேடிக்கை.

எல்லாம் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. 1980களில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் யானைகளைப் பின்தொடர்ந்த ராமன் சுகுமார், பயிருக்குள் அதிகம் இறங்குவது ஆண் யானைகள்தான் என்று காட்டினார். குட்டியோடு இருக்கும் பெண் யானைக்கு ராகி வயல் அவ்வளவு பெரிய ஆசை இல்லை. காளை யானைக்கோ நல்ல தீனி, நல்ல உடம்பு, நல்ல ஜோடி. துணிந்து இறங்குகிறது. சமீப காலத்தில் கர்நாடகத்து வயல்வெளிகளில் இளங்காளைகள் பெரிய கூட்டமாகச் சேர்ந்து திரிவதைக் கவனித்திருக்கிறார்கள். காட்டுக்குள் இந்த வயதுக் காளைகள் இப்படிக் கூட்டம் சேர்வதில்லை. இன்னும் ஆச்சரியம் ஒன்று. பயிர் மேயும் யானைகளின் சாணத்தில் பதற்ற ஹார்மோன், காட்டு யானைகளைவிடக் குறைவாக இருந்ததாக பெங்களூர் ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். பட்டாசும் கூச்சலும் ஒருபுறம், வயிறு நிறைந்த சாப்பாடு மறுபுறம். சாப்பாடு ஜெயிக்கிறது. மனிதர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் ரொம்பவும் ஆச்சரியப்படத் தோன்றவில்லை.

அப்படியானால் பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டுவிடலாமே என்பார்கள். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கத்தில் சின்னத்தம்பி என்ற யானையை ஊசி போட்டுப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது நடந்தே இறங்கி உடுமலைக் கரும்புத் தோட்டத்துக்கு வந்து, நூற்றுக்கணக்கான பேர் வேடிக்கை பார்க்க, கரும்புக்குள் படுத்துத் தூங்கியது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள், அதோடு அதன் காட்டு வாழ்க்கை முடிந்தது. 2023 ஏப்ரலில் கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், ஒரு மாதத்துக்குள் கம்பம் டவுன் தெருவில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழ்நாட்டில் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். கம்பத்தில் அது ஓடிய வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாலைத் தூக்கியிருக்கிறது, காது அடங்கவில்லை, ஆட்டோவுக்கும் சுவருக்கும் நடுவே வழி தேடுகிறது. தன் மலையில் எந்த வீட்டில் அரிசி இருக்கும், எந்த வளைவில் ஆள் வருவான் என்று தெரிந்து வைத்திருந்த மிருகத்தை, எதுவும் தெரியாத ஊரில் இறக்கிவிட்டால் அதற்கு எல்லா மனிதனும் ஓடை வளைவில் முளைத்த நானும் சித்தப்பாவும்தான்.

எங்கள் வால்பாறை வேறு வழி கண்டது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. யானையை நகர்த்தாமல் செய்தியை நகர்த்தினார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற வன உயிர் அமைப்பின் ஆட்களும் வனத்துறையும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து, சாயங்காலம் எந்தத் தோட்டத்தில் யானை நிற்கிறது என்பதை உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள். பிறகு போனுக்குக் குறுஞ்செய்தி. முக்கியமான திருப்பங்களில் உயரத்தில் சிவப்பு விளக்கு, யானை பக்கத்தில் இருந்தால் மொபைலிலிருந்தே அதை எரியவைக்கலாம். இந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015இல் வன உயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. யானைக்கு எந்தப் புதுப் பழக்கமும் கற்றுக்கொடுக்கவில்லை. நமக்கு வெளி வட்டத்தைக் காட்டித் தந்தார்கள், அவ்வளவே.

போன தை மாதம் சித்தப்பாவைப் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து சாயங்கால பஸ்ஸில் போனேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து, டவுனுக்கும் அப்பால் எங்கள் தோட்டப் பக்கம் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. தூரத்தில் சிவப்பு விளக்கு. டிரைவர் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தார். அவர் போனுக்கு செய்தி வந்திருக்க வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தி, ஹெட்லைட்டைத் தாழ்த்தினார். இரண்டு பெண் யானை, ஒரு குட்டி, பாதி வளர்ந்தது ஒன்று ரோட்டோரத்தில் நின்றன.

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பெரியவள் திரும்பினாள். குட்டி அவள் வயிற்றுக்கடியில் போய்விட்டது. காது விரிந்தது, முன்னங்கால் ஆட ஆரம்பித்தது, தும்பிக்கை பக்கத்துத் தேயிலையில் போய் ஒரு கொத்தைப் பிடுங்கியது. எனக்குத் தொண்டை வறண்டது. கண்டக்டர் பின்வாசலில் இறங்கிக் காருக்குப் போனார்; என்ன சொன்னாரோ, ஹாரன் நின்றது, இன்ஜினும் விளக்கும் அணைந்தன. இருட்டில் யாரும் பேசவில்லை. அவள் கொத்தைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரம் மோந்துகொண்டே நின்றுவிட்டு, நாலும் வரிசையாக ரோட்டைத் தாண்டிச் சோலைக்குள் இறங்கின.

"போலாமா அண்ணே?" என்றார் முன் சீட்டுப் பையன்.

டிரைவர் கியரைத் தொடவில்லை. "இரு தம்பி, இன்னும் ஒன்னு இருக்கும்."

இருந்தது.